பெட்டியில் விழுந்த மூன்றாவது சீட்டு

என் அருமைக் கணக்கப்பிள்ளைக்கு,

நேற்றுத் தபாலில் ஒரு கட்டு வந்தது. கொழும்பில் ஒரு கம்பெனிக்காரர்கள் தோட்ட மேற்பார்வையாளர்களுக்கென்று கைநூல் ஒன்று அச்சடித்திருக்கிறார்கள். அதைத் தமிழில் ஆக்கித் தரவேண்டுமாம். கட்டைப் பிரித்ததும் புது மையின் வாடை மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. தும்மினால் உன் ஞாபகம் வராமல் இருக்குமா? காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி நிறுத்துவதற்கு முன் ஒரு சிட்டிகைப் பொடி போட்டு நீ தும்முகிற தும்மலில் பாதித் தோட்டம் விழித்துக்கொள்ளும். விடியலில் தப்பு அடித்து ஆட்களை எழுப்புகிறவனுக்குச் சம்பளம் தண்டம் என்று நான் உன்னைக் கேலி செய்வேன்.

கைநூலின் நான்காம் அத்தியாயம் ‘நிறுவனப் பண்பாடு’. எழுதிவைத்த சட்டத்துக்கு அடியில் எழுதாத சட்டம் ஒன்று எல்லா வேலைத்தலத்திலும் ஓடுகிறது. அங்கேயே இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை, வெளியிலிருந்து வருகிறவனுக்கு அது புரிவதில்லை, யாராவது அதில் கை வைக்கும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரியவருகிறது என்று பத்துப் பக்கத்துக்கு விளக்கியிருக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. இந்தப் பத்துப் பக்கத்தையும் நீயும் நானும் நம் தோட்டத்து மேல் பிரிவான மேற்கணக்கு மலையில் கண்ணால் பார்த்துவிட்டோம். அந்த விஷயத்தில் என் வாயால் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லவேயில்லை. மொழிபெயர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் நான் தோட்ட ஆபீசில் கிளாக்கராகச் சேர்ந்தேன். அட்டன் டவுணில் வளர்ந்தவன், கால்சட்டையில் மடிப்புக் கலையாதவன், தேயிலைச் செடியைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. நீ மேற்கணக்கின் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பி, மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை அவர்களோடு நிற்கிற வேலை. உனக்கும் எனக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றே வாடா போடாவுக்கு இறங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கடதாசி விளையாட உட்கார்ந்தால் நீ கூசாமல் கள்ள ஆட்டம் ஆடுவாய். பிடித்துக் காட்டினால், “கணக்கு எழுதுற கண்ணு கெட்டுப்போச்சு கிளாக்கரே, அட்டனுக்குப் போயி கண்ணாடி வாங்கு” என்று எழுந்து போய்விடுவாய்.

ஆதியில் நிர்வாகம் படித்தவர்கள் வேலைத்தலத்தை ஒரு இயந்திரமாக நினைத்தார்கள் என்று கைநூல் சொல்கிறது. நம் பழைய துரையை நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஆட்களும் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோதை இயந்திரமும் ஒன்றுதான். நேரத்துக்கு ஓடவேண்டும், நேரத்துக்கு நிற்கவேண்டும். கைப்பிள்ளைக்காரிகள் பத்து மணிக்குக் குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டுப் பத்தரைக்குத் திரும்பி, கொழுந்து எடுக்கிற செடி வரிசையான நிரையில் நிற்கவேண்டும் என்று அவர் எழுதிவைத்த சட்டம் ஆபீஸ் சுவரில் தொங்கியது. “ரோதை நின்னா எண்ணெய் ஊத்துறாரு. ஆளு நின்னா என்னா ஊத்துவாரு?” என்று நீ என் ஜன்னலோரம் வந்து கேட்பாய். நான் உதட்டில் விரல் வைத்து உன்னை விரட்டுவேன். ஆனாலும் அவர் காலத்தில் ஒரு நல்லது இருந்தது. சட்டத்தில் இல்லாததை அவர் பார்க்கவே மாட்டார். மலையில் அவர் எழுதாதது ஆயிரம் நடந்தது, எல்லாம் தன்பாட்டில் நடந்தது.

அவர் போன பிறகும் தொடர்ந்த அந்த ஆயிரத்தில் ஒன்று என் கண்ணை உறுத்தியது. சனிக்கிழமைகளில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் புத்தகத்தோடு வருவேன் அல்லவா? எந்த மலையில் கொழுந்து எடுத்தாலும், கீழே பாதையை ஒட்டிய நிரைகளில் குறிப்பிட்ட மூன்று பெண்கள்தான் நின்றார்கள். கொஞ்சம் மட்டமான இடம், செடியும் இடுப்பளவுக்கு வாட்டமாக இருக்கும். மற்றவர்கள் கூடையைச் சுமந்து உச்சி மேடு வரை ஏறி இறங்கினார்கள். அந்த மூவரில் ஒருத்தி மாரியாயி. கங்காணியின் தங்கை மகள். எனக்கு வேறென்ன வேண்டும்? டவுண் புத்தி உடனே கணக்குப் போட்டுவிட்டது.

“எப்பப் பாத்தாலும் கங்காணி வீட்டுப் பொண்ணுக்குப் பாதையோரமா? மத்தவங்க மேட்டுல ஏறிச் சாகுறாங்க. இது என்னடா நியாயம்?” என்று உன்னிடம் கேட்டேன்.

“அது அப்படித்தான்.”

“யாரு போட்ட சட்டம்?”

“யாரும் போடல. நான் வர்றதுக்கு முந்தியே இப்படித்தான். காலையில மலைக்குப் போனதும் அவங்கவங்க எடத்துக்கு அவங்கவங்க போயிருவாங்க. இதையெல்லாம் போயி கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?”

நீ மழுப்புகிறாய் என்று நினைத்தேன். கங்காணிக்குப் பயப்படுகிறாய் என்றுகூட நினைத்தேன். இன்றைக்குத் தெரிகிறது, உனக்கு உண்மையிலேயே பதில் தெரிந்திருக்கவில்லை.

ஐம்பதுகளில் பழைய துரை சீமைக்குத் திரும்பியிருந்தார். வந்த புதுத் துரை நல்ல மனுஷன், நீயே சொல்வாய். அந்தச் சமயத்தில் லீவில் ஊருக்குப் போனவர் அங்கே ஏதோ வகுப்பில் சில வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். தொழிலாளி இயந்திரமல்ல, அவனுக்கும் மனசு இருக்கிறது, அவனைக் கேட்டுச் செய்தால் வேலை நன்றாக நடக்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கைநூலில் இதுதான் இரண்டாம் கட்டம். திரும்பிவந்த மறுநாள் அவர் பெரட்டில் ஒவ்வொருவரிடமாகப் போய் “சொகமா, சொகமா” என்று கேட்டார். ஆட்கள் மிரண்டுவிட்டார்கள். “துரைக்குக் காய்ச்சலா?” என்று நீ என் காதில் கேட்டாய்.

அடுத்து வந்ததுதான் யோசனைப் பெட்டி. ஸ்டோர் ஆசாரி பலகையில் செய்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, மேலே சீட்டுப் போட ஒரு வெட்டு விட்டு, பூட்டும் போட்டுக் கொடுத்தான். தொழிலாளர்கள் தங்கள் யோசனைகளை எழுதி அதில் போடவேண்டும். அதற்குப் பொறுப்பு நான். மழை படாத இடமாகப் பார்த்துப் பெரட்டுக் களத்து மூலையில் மாடசாமி கல்லுக்கு மேல் இருந்த தகரக் கூரைக்குக் கீழே மாட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெட்டி மாட்டிய அன்று சாயங்காலமே அதற்கு யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் துரையின் மேசையில் வைத்துத் திறந்தோம். உள்ளே மஞ்சள் துணி முடிச்சுகள் மூன்று, ஒரு வாடிய எலுமிச்சம்பழம், கட்டிக் கற்பூரம், கடைசியாகத் தகரத்தில் வெட்டிய ஒரு சின்னக் கால். சாமி கல்லுக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட பெட்டி இருந்தால் நம் சனங்களுக்கு அது உண்டியல்தானே? துரை அந்தத் தகரக் காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன யோசனை என்று என்னைக் கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. ஆட்கள் தங்கள் சந்தோஷத்தைத் தெரிவித்திருக்கிறார்கள் என்று ஒரு போடு போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அன்று ஆபீஸ் முடிந்து வரும்போது நீ சிரித்து ஓய்ந்துவிட்டுச் சொன்னாய்: “யாரோ காலுவலிக்காரி போட்டிருக்கா. மலையில கல்லுப்படி சரியில்ல, வழுக்குது. படியப் போட்டுக் குடுங்கன்னு அர்த்தம். தொரைகிட்ட அப்படிச் சொல்லியிருக்கலாமேடா.” நான் உன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அடுத்த மாதத்துக்குள் எழுத்தில் யோசனை வரவேண்டும், எழுதத் தெரியாதவர்கள் கிளாக்கரிடம் வந்து சொல்லலாம் என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கவலைதான் எனக்கு.

ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நானே உட்கார்ந்து மூன்று சீட்டு எழுதினேன். ஆபீசில் ஆட்களுக்குப் பேர் பதிகிற செக்ரோல் தாளின் ஓரத்தைக் கத்தரித்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன். மழைக்காலத்தில் பெரட்டில் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும் என்று ஒன்று. பிள்ளைக்காம்பராவின் ஒழுகல் கூரையை மாற்றவேண்டும் என்று இன்னொன்று. மூன்றாவதில், நிரைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுக்கவேண்டும், வேண்டியவர்களுக்குப் பாதையோரம் என்கிற பாரபட்சம் ஒழியவேண்டும் என்று எழுதினேன். எழுதும்போது ஏதோ நியாயத்தை நிலைநாட்டுகிற பெருமை எனக்கு. மேட்டில் ஏறுகிற அத்தனை பெண்களுக்கும் நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன். அவர்களில் ஒருத்தியிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

துரை மூன்றையும் படித்தார். தேத்தண்ணிக்கும் கூரைக்கும் செலவு இருந்தது, அவை ஃபைலுக்குள் போயின. மூன்றாவதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொழிலாளர்களே நியாயமான முறை ஒன்றைக் கேட்கிறார்கள், இதைத்தான் வகுப்பில் சொன்னார்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த திங்கட்கிழமை எண் பொறித்த தகர வில்லைகள் ஒரு பையில் வந்தன. பெரட்டில் ஒவ்வொருத்தியும் கையை விட்டு ஒரு வில்லையை எடுக்கவேண்டும், அந்த எண்ணுக்குரிய நிரையில் நிற்கவேண்டும். பையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. அன்றைக்கு நீயும் மறுப்புச் சொல்லவில்லை.

மாரியாயிக்கு அன்று உச்சி நிரை விழுந்தது. மறுநாளும் மேட்டு நிரைதான். அவளுக்கு அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை, பெண்பிள்ளை. அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பத்து மணிக்கு மேட்டிலிருந்து ஈரக் கல்லில் கால் ஊன்றி இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து சேரவே நேரம் சரியாகிவிடும். குழந்தை இரண்டு வாய் குடிப்பதற்குள் திரும்பி ஏறவேண்டும். பத்தரைக்கு நிரையில் நிற்காவிட்டால் சுவரில் தொங்குகிற பழைய துரையின் சட்டம் இருந்ததே. இரண்டு வாரத்தில் அவளுக்குப் பால் குறைந்தது. அழுகிற குழந்தையைப் பார்க்கப் பொறுக்காமல் பிள்ளைக்காம்பரா ஆயா சீனித்தண்ணி கொடுத்தாள். குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தோட்ட மருந்துக்கு நிற்கவில்லை. ஒரு நடுப்பகலில் கொழுந்து லொறியில் போட்டு டவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி ஆபீசைக் கடந்தபோது முன் சீட்டில் அவள் மடியில் துணிச்சுருள் ஒன்று இருந்தது. அதில் அசைவு தெரியவில்லை.

லொறியை அனுப்பிவிட்டு நீ நேரே என் மேசைக்கு வந்தாய். உட்காரவில்லை. “இப்பத்தான்டா புரியுது. பாதையோரத்து நெர கைப்புள்ளக்காரிக்கு, அங்கருந்து புள்ளக்காம்பரா கிட்ட. புள்ளைக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் அவளுக்கு. அப்புறம் அடுத்தவளுக்கு. அந்த மூணு பேருக்கும் கைப்புள்ள இருந்திச்சு. நானும்தான் தெனம் பாத்தேன். பாத்தும் பாக்கல. தெனம் காலையில பல்லு வெளக்குறோம், ஏன்னு யோசிக்கிறமா?” நான் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம்.

குழந்தை பிழைத்தது. நாலாம் நாள் மாரியாயி அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த வாரம் பெரட்டில் நடந்ததை நீதான் எனக்கு விவரித்தாய். பெண்கள் வழக்கம்போல வரிசையில் வந்து வில்லை எடுத்தார்கள். பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கு ஏறுகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் பாதையோர எண்கள் மூன்றும் கைமாறிக் கைமாறி மூன்று கைப்பிள்ளைக்காரிகளிடமும் போய்ச் சேர்ந்துவிட்டன. கூட்டம் போட்டுப் பேசினார்களா, யார் தொடங்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நீ மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம்.

கொழும்புக்குப் போய் ஆள் நிர்வாக வேலை பார்த்து, பிறகு நானே வகுப்பு எடுக்கத் தொடங்கிய காலத்தில் இந்தப் ‘பண்பாடு’ என்ற சொல் எங்கள் புத்தகங்களுக்குள் நுழைந்தது. இயந்திரமும் மனசும் போதாது, வேலைத்தலம் ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கமும் நம்பிக்கையும் உண்டு என்று அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். எனக்கு உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் இன்னும் சூரர்கள். பண்பாட்டை மாற்றுவது எப்படி என்று படிப்படியாக எழுதினார்கள். எங்கள் பண்பாடு இன்னதென்று கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். மூன்று மாதத்தில் புதுப் பண்பாடு அமைத்துத் தருகிறோம் என்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் உன் குலுங்கல் சிரிப்பு பக்கத்து நாற்காலியிலிருந்து எனக்குக் கேட்கும். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு படுவேன்.

சரி, சொல்லவந்ததற்கு வருகிறேன். வில்லை எண்களை எழுதிவைத்த பட்டியலோடு துரை ஒரு நாள் மலைக்கு வந்தார். யாரும் அவரவர் எண்ணில் நிற்கவில்லை. மத்தியானம் உன்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவருக்கும் உனக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான். யார் சொல்லி மாற்றினார்கள் என்று கேட்டார். “நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க கிளாக்கரையா” என்றாய். என்னை நீ ஐயா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெண்களின் பெயர் ஒன்றுகூட உன் வாயில் வரவில்லை. துரைக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இது தொழிலாளர்களே கேட்ட முறையாயிற்றே, அவர்கள் விருப்பத்தை நீ ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டார். அந்த வாக்கியத்தை நான் தமிழாக்கி உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

“தொழிலாளி எழுதின சீட்ட நான் ஒருக்காப் பாக்கலாமாங்க?” என்றாய்.

துரை ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். தாளின் ஓரத்தில் செக்ரோலின் சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் செக்ரோல் தாள் யாருக்குக் கிடைக்கும்? நீ அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தபடியே சீட்டைத் திருப்பிக் கொடுத்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: “நல்லா எழுதியிருக்காங்க. ஆனா எழுதினவங்க கைப்புள்ளைய விட்டுட்டு மல ஏறிப் பாத்ததில்ல. பாதையோரத்து நெர எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. தொரைகிட்ட இத அப்படியே சொல்லுங்க.”

நான் இங்கிலீஷில் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பேச வராவிட்டாலும் கேட்டால் புரிகிற அளவுக்கு உனக்கு இங்கிலீஷ் உண்டு. சீட்டில் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைச் சொன்னால், யார் எழுதியது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, துரைக்கு எல்லாவற்றையும் புரியவைத்திருக்கக்கூடிய இரண்டு வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். குழந்தை, பால், பாதை என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் கேட்டிருப்பார். விட்டதையும் சொல்லும்படி நீ என்னைக் கேட்டிருக்கலாம். செய்யவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

உத்தரவை மீறியதற்காக உன்னைப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு, ஒரு படி கீழான வேலைக்கு மாற்றினார்கள். சாமான் கட்டுகிற ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்கு வந்தேன். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “வாடா, ஒரு நட போயிட்டு வருவோம்” என்று என்னை உச்சி மேட்டுக்குக் கூட்டிப்போனாய். ஒரு கொழுந்துக் கூடையில் பாதிக்குக் கல்லைப் போட்டு என் முதுகில் மாட்டிவிட்டாய். “ஓடு, பிள்ளைக்காம்பராவுக்கு. கடிகாரத்தப் பாத்துக்க.” நான் அந்தச் சரிவில் மடிப்புக் கலையாத கால்சட்டையோடு இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தேன். திரும்பி ஏறி வந்தபோது மூச்சு விடமுடியவில்லை. கல்லின்மேல் உட்கார்ந்து நீ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாய். எத்தனை நிமிஷம் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த விஷயமாக நீ என்னோடு பேசியது அவ்வளவுதான்.

நீ போன இரண்டு மாதத்தில் வில்லைப் பை ஆபீஸ் அலமாரிக்குள் போய்விட்டது. துரைக்கு வேறு யோசனை வந்திருந்தது. யாரும் உத்தரவு போடாமலே பாதையோர நிரைகள் பழையபடி ஆயின. நான் அதே மேசையில் இன்னும் ஏழு வருஷம் இருந்தேன், பதவியும் உயர்ந்தது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறுகளில் நீ அட்டனுக்கு வருவாய். கடையில் தோசை தின்போம், படம் பார்ப்போம், கடதாசியில் நீ ஏமாற்றுவாய். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிளம்பி வருவேன். உன் பஸ் வளைவில் மறைகிறவரை பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

அறுபதுகளின் நடுவில் கொழும்புக்குத் தந்தி வந்தது. நெஞ்சுச் சளி என்று நீ எழுதியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன். விடிய ரயில் பிடித்து, அட்டனில் இறங்கி, அந்த வளைந்து வளைந்து போகிற ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. உன் லயத்து வாசலில் நம் பழைய தோட்டத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். மாரியாயியும் வந்திருந்தாள். பக்கத்தில் ஸ்கூலுக்குப் போகிற உயரத்துக்கு வளர்ந்த அவள் மகள், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு மாரியாயி என்னிடம் வந்து, “கொழும்புல சொகமா இருக்கீங்களாங்க?” என்று கேட்டாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உன்னிடம் சொல்லமுடியாததை அவளிடம் சொன்னேன். “மாரியாயி, அந்தச் சீட்ட எழுதினது நான்தான். நெரையக் குலுக்கிப் போடச் சொன்னது நான்தான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தெரியுங்க” என்றாள். “அப்பவே தெரியுங்க. கணக்கப்புள்ள போறதுக்கு மொத நாளு பெரட்டுல வச்சு எங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. கிளாக்கரையா நல்லதுன்னு நெனச்சு எழுதிட்டாரு, சின்ன வயசு, மனசு ஒடஞ்சு போயிருவாரு, அவரு மொகம் வாடுற மாதிரி ஒருத்தரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாதுன்னு சொன்னாரு. அதான் நாங்க யாரும் கேட்டுக்கலைங்க.”

சின்ன வயசாம். உனக்கும் எனக்கும் ஒரே வயசுதானடா.

ஏழு வருஷம் அந்தப் பெண்கள் தினமும் ஆபீஸ் வாசலைக் கடந்துதான் மலைக்குப் போனார்கள். ஒவ்வொருத்தியும் “சலாங்க ஐயா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊருக்குக் கடுதாசி எழுத என்னிடம் வந்தார்கள். பொங்கலுக்கு என் வீட்டுக்குச் சட்டியில் பொங்கல் கொண்டுவந்தார்கள், அந்தக் குழந்தைக்குக் காது குத்தியபோது எனக்கு முதல் வெற்றிலை வைத்தார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே செய்தார்கள். வகுப்புகளில் இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன், ‘ஒரு கிளாக்கர்’ என்றே சொல்லிவந்தேன். ஓய்வு பெறுகிற கடைசி வகுப்பில்தான் ‘நான்’ என்று சொல்ல வாய் வந்தது. அவர்கள் சொன்ன அந்தச் சலாம்களை இன்றைக்கும் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். நீயோ ஒரு பெரட்டையே நிறுத்திவைத்து என்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை, பாவி.

உன்,
கிளாக்கர்